உங்களுக்குத் தெரியுமா? சென்னையின் செப்டம்பர் 22

ஆகஸ்ட் 22 என்றால் சென்னைக்குப் பிறந்தநாள். நடைப்பயணம், புகைப்படக் கண்காட்சி, பேச்சு என்று அந்த வாரம் முழுக்க ஊர் அமளிப்படும். சரியாக ஒரு மாதம் கழித்து வரும் செப்டம்பர் 22-ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. புரட்டாசியின் முதல் வாரம் அது. பெருமாள் கோயிலில் கூட்டம் நெரியும், பிரியாணிக் கடை காற்று வாங்கும். ஆனால் இந்த ஊரின் பழைய கணக்கைப் புரட்டினால், கதைகள் வந்து குவிந்திருப்பது இந்தத் தேதியில்தான். அவற்றில் முக்கால்வாசி, வெளியிலிருந்து வந்தவர்களால் நடந்த கதைகள். கேளுங்கள்.

1599: ஊருக்கு முன்பே முதலீடு

சென்னை பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு பட்டியல் தயாரானது. கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பல் அனுப்பினால் யார் எவ்வளவு பணம் போடுவார்கள் என்று வணிகர்கள் தங்கள் பெயரையும் தொகையையும் எழுதிக் கொடுத்த பட்டியல். அதில் உள்ள தேதி 1599 செப்டம்பர் 22. சேர்ந்த தொகை 30,133 பவுண்டு, கொஞ்சம் சில்லறை. மறு ஆண்டு கடைசி நாளில் எலிசபெத் அரசியின் பட்டயம் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது.

மிளகுக்குப் போனவர்கள் துணிக்கு வந்தார்கள்

அந்த வணிகர்கள் தேடியது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். சோழமண்டலக் கரை அவர்கள் கனவிலேயே இல்லை. ஆனால் தீவுகளில் வாசனைப் பொருளுக்கு மாற்றாக விலைபோனது இந்தியப் பருத்தித் துணி. துணி தேடி இந்தக் கரைக்கு வந்தார்கள். 1639-ல் பிரான்சிஸ் டே ஒரு மணல் திட்டைக் கேட்டு வாங்கியதற்குப் பின்னால் இருந்தது நெசவாளியின் தறி.

1746: பிரெஞ்சு ஊராக ஒரு விடியல்

மொரிஷியஸிலிருந்து கப்பற்படையோடு வந்த லா போர்தொனே, செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். 1746 செப்டம்பர் 21 அன்று ஆங்கிலேயர் சரணடைந்தார்கள். 22-ஆம் தேதி பொழுது விடிந்தபோது சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அப்படித்தான்.

அன்று தேதி என்ன என்பதிலேயே சண்டை

சரணடைந்த ஆங்கிலேயரைக் கேட்டால் அது செப்டம்பர் 10 என்பார்கள். பிரெஞ்சுக்காரர் புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள்; ஆங்கிலேயர் பழைய ஜூலியன் கணக்கிலேயே 11 நாள் பின்தங்கி இருந்தார்கள். 1752-ல்தான் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் மாறின. அதற்காக விழுங்கப்பட்டதும் செப்டம்பர்தான்: அந்த ஆண்டு 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி.

வேடம் போட்டுத் தப்பிய குமாஸ்தா

கோட்டையில் சிக்கியவர்களில் ஒருவர், இன்னும் 21 வயது நிரம்பாத கம்பெனி எழுத்தர். உள்ளூர்க்காரரைப் போல வேடமிட்டு இரவோடு இரவாக நழுவி, கடலூருக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். அவர் ராபர்ட் கிளைவ்.

சென்னைக்கு விலை

11 லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன் என்று லா போர்தொனே பேசி முடித்தார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் மல்லுக்கு நிற்க, அக்டோபர் புயல் லா போர்தொனேயின் கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. கடைசியில் சென்னை திரும்பக் கிடைத்தது பணத்தால் அல்ல, பண்டமாற்றால். 1748 உடன்படிக்கைப்படி, இன்றைய கனடாவில் இருக்கும் லூயிபோர் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டு, சென்னையை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். ஊர் கைமாறியது 1749-ல்.

1914: எம்டன் வந்த இரவு

செவ்வாய்க்கிழமை, இரவு 9.30 மணி வாக்கில், ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, சுடத் தொடங்கியது. அந்த இரவைப் பற்றி அதிகம் பேசப்படாத சங்கதிகள் சில இருக்கின்றன.

கடல் இருட்டு, கரை வெளிச்சம்

1914 ஆகஸ்ட் 21 அன்று சூரிய கிரகணம். அதாவது அமாவாசை. அதற்கடுத்த அமாவாசை செப்டம்பர் 19-20. ஆகவே எம்டன் வந்த அன்று வானில் இருந்தது மெல்லிய பிறைதான். அதுவும் மாலையிலேயே மறைந்துவிட்டது. நவராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. கடலில் கும்மிருட்டு, கரையில் விளக்குகள். முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்கை அணைக்கவில்லை. குறிபார்ப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

வழிகாட்டிய நீதிமன்றம்

அன்று சென்னையின் கலங்கரை விளக்கம் மெரினாவில் இல்லை. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான குவிமாடத்தின் மேல் இருந்தது. 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அந்த விளக்குதான். எம்டன் வந்த இரவும் அது எரிந்துகொண்டிருந்தது. நட்புக் கப்பல், பகைக் கப்பல் என்று விளக்குக்குப் பேதம் தெரியுமா? குண்டுகளில் ஒன்று அதே நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் விழுந்தது.

குறி மக்கள் அல்ல, மண்ணெண்ணெய்

எம்டனின் இலக்கு துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். கப்பலில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து இருந்தன. அரை மணி நேரத்துக்குள் 120-க்கும் மேற்பட்ட குண்டுகள் பறந்தன. தொட்டிகள் பற்றிக்கொள்ள, லட்சக்கணக்கான காலன் எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. எம்டன் மேல் ஒன்றும் படவில்லை.

தொட்டிகளைவிடப் பெரிய இலக்கு

எரிந்த எண்ணெயால் பிரிட்டன் நொடித்துப் போகாது என்று கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கும் தெரியும். பிரிட்டிஷ் கடற்படை இருக்கும்வரை இந்தியக் கரையை யாரும் நெருங்க முடியாது என்ற நம்பிக்கை ஊரில் வேரூன்றியிருந்தது. அந்த நம்பிக்கையில் ஓட்டை போடுவதுதான் அவர் நோக்கம். அது பலித்தது. அடுத்த நாட்களில் ரயில் பெட்டிகளில் இடமில்லை. மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில். குண்டுச் சத்தம் ஓய்ந்து பல நாள் ஆன பிறகும் வதந்தி ஓயவில்லை.

நாலாவது புகைபோக்கி

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. வங்கக் கடலுக்குள் நுழையும் முன், மரச் சட்டத்தில் துணியைக் கட்டி நாலாவதாக ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தினார்கள். பிரிட்டனின் யார்மத் கப்பலுக்குப் புகைபோக்கி நான்கு. தூரத்திலிருந்து பார்ப்பவர் இதையும் அது என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. இந்த மாதிரி வேலைகளால்தான் ஒற்றைக் கப்பல் வங்கக் கடலின் வணிகம் முழுவதையும் முடக்க முடிந்தது.

செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்தாரா?

இருந்தார் என்று மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். கப்பல் வந்த வழியைப் பாருங்கள். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பி, பசிபிக் தீவுகளைத் தொட்டு, டச்சுத் தீவுகள் வழியாக வங்கக் கடலுக்கு வந்தது. ஐரோப்பாப் பக்கமே அது போகவில்லை. செண்பகராமன் பிள்ளையோ அப்போது சுவிட்சர்லாந்தில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். சூரிச்சில் இருப்பவர் சென்னைக் கடலில் கப்பலேற வழியில்லை. விடுதலைக்காக அவர் செய்தவை ஏராளம். எம்டனைச் சேர்த்துத்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்றில்லை.

ஒரே தேதி, மூன்று கடல்கள்

பிரிட்டனின் கடற்படைக்கு 1914 செப்டம்பர் 22 மிகக் கெட்ட நாள். அன்று காலை வடகடலில் யு-9 என்ற ஒற்றை ஜெர்மானிய நீர்மூழ்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,400-க்கு மேல். அதே தேதியில் பசிபிக்கின் தாஹித்தித் தீவில், பிரெஞ்சு வசமிருந்த பப்பேட்டே நகரை இரண்டு ஜெர்மானியக் கப்பல்கள் குண்டு வீசித் தாக்கின. அவை எம்டன் எந்தப் படையிலிருந்து பிரிந்து வந்ததோ அந்தப் படையைச் சேர்ந்தவை.

கதையின் முடிவு

சென்னையை விட்டுப் போன எம்டன், அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் சிக்கிச் சிதைந்தது. முல்லர் சிறைப்பட்டார். தீவில் இறங்கியிருந்த அவருடைய துணை அதிகாரி ஃபான் முக்கே, ஒரு பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி, ஆட்களோடு அரேபியா வழியாகக் கான்ஸ்டான்டிநோபிள் வரை போய்ச் சேர்ந்தது சினிமாவை மிஞ்சும் தனிக்கதை.

1930, 1931: அடுத்தடுத்த ஆண்டு, ஒரே தேதி

1930 செப்டம்பர் 22 அன்று காக்கிநாடாவில் ஒரு குழந்தை பிறந்தது. மறு ஆண்டு அதே தேதியில் செகந்திராபாத்தில் இன்னொன்று. முதலாமவர் பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ். இரண்டாமவர் தியாகராஜன், எழுத்துலகில் அசோகமித்திரன். இருவரும் பிறந்தது தெலுங்கு பேசும் மண்ணில். இருவரும் பேர் வாங்கியது சென்னையில்.

இருவருக்கும் ஒரே வாசல்

ஸ்ரீநிவாஸின் குரல் முதலில் திரையில் ஒலித்தது 1952-ல் வந்த ‘மிஸ்டர் சம்பத்’ என்ற இந்திப் படத்தில். எடுத்தது எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ. அங்கே இசைப் பிரிவில் இருந்த வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி அவரைக் கொண்டுவந்தார். அதே 1952-ல் அப்பாவை இழந்த அசோகமித்திரன் சென்னைக்கு வந்து வேலைக்குச் சேர்ந்ததும் அதே ஜெமினியில்தான். ஸ்டுடியோ போய்விட்டது. அண்ணா மேம்பாலத்தை ஜெமினி என்றே சொல்லும் ஊர் வழக்கம் மட்டும் போகவில்லை.

சட்டைப்பையில் பல வண்ணப் பேனாக்கள்

ஜெமினி கணேசனின் குரல் என்றே ஸ்ரீநிவாஸைத் தமிழர் நினைத்தார்கள்; கன்னடத்தில் அவர் ராஜ்குமாரின் குரல். பல மொழிகளில் கவிதையும் எழுதினார். கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் அவருடைய அலுவலகம் மாதிரி. சட்டைப்பையில் வரிசையாகப் பேனாக்கள், தலையில் மைசூர்த் தலைப்பாகை, மேஜையில் காபி, எதிரே தாள். 2008-ல் அந்த உணவகம் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது செம்மொழிப் பூங்கா.

குடத்தோடு நிற்கும் நாவல்

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை அடிபம்பு, குடம், தெருச் சண்டை எல்லாவற்றோடும் இலக்கியத்தில் பதித்தவர் அசோகமித்திரன். நாவலின் பெயரே ‘தண்ணீர்’. ஸ்டுடியோவில் கண்டதைக் ‘கரைந்த நிழல்கள்’ ஆக்கினார். பிறந்த ஊரைப் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஆக்கினார். 1996-ல் ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது. அவர் கதைகளில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். ஆனால் வாசகர் காதில் விழாமல் போகாது.

1986: சேப்பாக்கத்தில் சமன்

திங்கட்கிழமை. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு வேண்டியது 348 ரன். எடுத்தது 347. பத்தாவது விக்கெட்டும் போயிற்று. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை. டெஸ்ட் வரலாற்றில் இப்படி ‘டை’ ஆனது இரண்டே முறை. ஒன்று 1960 பிரிஸ்பேன். இன்னொன்று நம்ம சேப்பாக்கம்.

கடைசி ஆறு பந்தில் ஐந்து

கடைசி ஓவரை கிரெக் மேத்யூஸ் போட வந்தபோது இந்தியாவுக்கு வேண்டியது 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி ஒரு இரண்டு, ஒரு ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். இனித் தோல்வி இல்லை என்று மூச்சு விட்டார்கள். எதிரே மணிந்தர் சிங். நான்காம் பந்தைச் சமாளித்தார். ஐந்தாம் பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரமராஜு விரலை உயர்த்தினார். மட்டையில் பட்டது என்று மணிந்தர் இன்றுவரை சொல்கிறார். விக்ரமராஜு அதற்குப் பிறகு எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை.

பொன்னுருகக் காயும் புரட்டாசி

புரட்டாசி வெயிலில் பொன்னே உருகும் என்பார்கள் நம் பெரியவர்கள். டீன் ஜோன்ஸுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும். எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 210 ரன் எடுத்தார். நடுவில் வாந்தி, தசைப்பிடிப்பு. போய்விடட்டுமா என்று கேட்டவரிடம், அப்படியானால் திடமான குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவரை அனுப்புகிறேன் என்று ஏற்றிவிட்டார் தலைவர் ஆலன் பார்டர். ரோஷத்தில் ஆடி முடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். வாழ்க்கை முழுக்க அவருடைய பெயரோடு சென்னை ஒட்டிக்கொண்டது. 2020-ல் மும்பையில் அவர் மறைந்தது செப்டம்பர் 24 அன்று.

வெயிலில் கம்பளிச் சட்டை

பத்து விக்கெட் எடுத்த மேத்யூஸ், அந்தக் கொதிக்கும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசியதைப் பார்த்தவர்கள் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 5. ஆனாலும் ஆட்டநாயகன் விருது ஜோன்ஸுக்கும், 119 அடித்து ஃபாலோ-ஆனைத் தவிர்த்த கபில் தேவுக்கும் பகிரப்பட்டது.

இரண்டையும் பார்த்த மனிதர்

1960-ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர் பாப் சிம்சன். 1986-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவரும் அவரே. உலகின் இரண்டு ‘டை’ டெஸ்டுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

சென்னைக்காரர் பங்கு

அந்த ஆட்டத்தில் உள்ளூர்ப் பையனாக இறங்கியவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 53, பிறகு 39. எதிர்முனையில் நின்ற சுனில் கவாஸ்கருக்கு அது தொடர்ச்சியாக 100-வது டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 90 எடுத்தார். இருவரும் போட்டுக் கொடுத்த அடித்தளம் இல்லையென்றால் கடைசி ஓவர் பரபரப்புக்கே இடமிருந்திருக்காது.

2016: மெட்ரோவுக்கு மறுநாள்

2016 செப்டம்பர் 21 அன்று, சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையிலான மெட்ரோ ரயிலைக் காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார் முதல்வர் ஜெயலலிதா. அவர் கலந்துகொண்ட கடைசி அரசு விழா அது. மறுநாள் 22, வியாழன் இரவு, காய்ச்சலும் நீரிழப்பும் என்று கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 75 நாட்கள் அந்தத் தெருவையே தமிழ்நாடு பார்த்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 5 இரவு அவர் காலமானார். கர்நாடகத்தின் மேல்கோட்டையில் பிறந்து, சிறு வயதில் சென்னைக்கு வந்தவர். இதே ஊரின் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார்.

2024: காலையில் சேப்பாக்கம்

ஞாயிற்றுக்கிழமை. வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். உணவு இடைவேளைக்கு முன்பே இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது. ரவிச்சந்திரன் அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 113 ரன், கடைசி இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் அவருக்கு 4-வது முறை. சேப்பாக்கத்தில் மட்டும் இரண்டு முறை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்துவிட்டதால், சொந்த மைதானத்தில் அவருக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

ஐந்து நாள் குழந்தை

அஸ்வின் பிறந்தது 1986 செப்டம்பர் 17, சென்னையில். ‘டை’ ஆன டெஸ்ட் தொடங்கியது மறுநாள். மணிந்தர் சிங் அவுட் ஆன அந்த மாலையில் அஸ்வினுக்கு வயது ஐந்து நாள். சரியாக 38 ஆண்டு கழித்து, அதே தேதியில், அதே மைதானத்தில் ஆட்டநாயகன்.

கணக்கு நேரானது

அந்த வெற்றி இந்தியாவின் 179-வது டெஸ்ட் வெற்றி. அதுவரை தோற்றவை 178. 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியாவுக்குத் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று ஆனது அன்றுதான் முதல்முறை. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இதே சேப்பாக்கத்தில்தான்: 1952 பிப்ரவரி 10, இங்கிலாந்துக்கு எதிராக. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். வரவு வைத்த இடத்திலேயே கணக்கும் நேரானது.

இரவுக்குள் புடாபெஸ்ட்

அதே ஞாயிறு, ஹங்கேரியில் செஸ் ஒலிம்பியாடின் கடைசிச் சுற்று. ஆடவர் அணி ஸ்லோவேனியாவையும் மகளிர் அணி அஜர்பைஜானையும் 3.5-0.5 என்று வென்றன. இரண்டு பிரிவிலும் தங்கம். இரண்டுமே இந்தியாவுக்கு முதல்முறை. முதல் பலகையில் ஆடிய குகேஷ் சென்னைப் பையன். பிரக்ஞானந்தா சென்னைப் பையன். மகளிர் அணியில் அவருடைய அக்கா வைஷாலி. ஆடவர் அணியின் தலைவர் ஸ்ரீநாத் நாராயணனும் இந்த ஊர்தான். 1599-ல் வேறொருவர் போட்ட முதலில் தொடங்கிய ஊரிலிருந்து, இந்த முறை கிளம்பிப் போய் வென்று வந்தார்கள்.

இரண்டு ஆண்டு முன்னோட்டம்

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம்தான் கிடைத்தது. ஆடவர் வெண்கலத்தை வென்றது முதல் அணி அல்ல, இளைஞர்கள் நிறைந்த இரண்டாம் அணி. அதில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள். புடாபெஸ்டில் தங்கம் வென்று மூன்று மாதம் முடிவதற்குள் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனும் ஆனார்.

சூரியனுக்கும் பங்குண்டு

பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள், ஆண்டைப் பொறுத்து, செப்டம்பர் 22 அல்லது 23. அந்தச் சமயத்தில் மெரினாவில் நின்றால் சூரியன் நேர்கிழக்கில் எழுவதைப் பார்க்கலாம். 2024-ல் இந்தச் சமநாள் 22-ஆம் தேதி மாலையில் வந்தது.

ஒரே ரயில், எல்லா இடமும்

இந்தத் தேதியின் சென்னையைச் சுற்றிப் பார்க்க மெட்ரோவின் நீல வழித்தடம் ஒன்றே போதும். விமான நிலையத்தில் ஏறினால் சின்னமலை வரை ஜெயலலிதா கடைசியாகத் தொடங்கிவைத்த பாதை. ஆயிரம் விளக்கில் இறங்கினால் கிரீம்ஸ் சாலை பக்கம். அங்கிருந்து ஓர் ஆட்டோ பிடித்தால் ஜெமினி மேம்பாலமும் செம்மொழிப் பூங்காவும். அரசினர் தோட்டத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் சேப்பாக்கம். உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரைத் தேடிப் போங்கள். எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்தவர்களும் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். நீங்கள் நின்று படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.